கல்லூரியில் வேதியியல் ஆசிரியர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். எம்.எஸ்சி. இறுதித் தேர்வு நெருங்கும் ஏப்ரல் மாதத்தில் மாணவர்கள், அவர்களுடைய அப்பா அம்மா, தனியார் கல்லூரிகளில் இருக்கும் பழைய மாணவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் போக நினைப்பவர்களுக்கு இதில் அதிகம் இல்லை. வகுப்பறையும் லேபும்தான் முழுநேர வேலை என்று வர நினைப்பவர்களுக்கானது இது.

லெக்சரர், அசிஸ்டெண்ட் புரொஃபசர், கெஸ்ட் லெக்சரர்... எல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

ஊரில் எல்லாருக்கும் 'லெக்சரர்'தான். ஏட்டில் அந்தப் பதவி கலை அறிவியல் கல்லூரிகளில் இப்போது இல்லை. நுழைவுப் பதவி உதவிப் பேராசிரியர். அதற்கு மேல் இணைப் பேராசிரியர், பேராசிரியர். பாலிடெக்னிக்கில் மட்டும் விரிவுரையாளர் என்ற பெயர் இன்னும் இருக்கிறது.

கெஸ்ட் லெக்சரர், அதாவது கௌரவ விரிவுரையாளர், தற்காலிகம். நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே வகுப்பு, அதே லேப், அதே விடைத்தாள். சம்பளம் மட்டும் தொகுப்பூதியம். பெயரில் கௌரவம் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எம்.எஸ்சி. முடிச்சா போதுமா? வேற என்ன வேணும்?

முதுகலையில் 55 சதவீதம், கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின்படி முறையாகப் பெற்ற பிஎச்.டி. பட்டம் இருந்தால் நெட், செட் தேவையில்லை. எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50 சதவீதம் போதும். இது யுஜிசியின் 2018 விதிமுறை. ஒவ்வொரு விளம்பரத்திலும் இந்தத் தளர்வு எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள்.

'பிஎச்.டி. இல்லாம இனி முடியாதாமே' என்பதும் கூடவே வரும். பல்கலைக்கழகத் துறைகளில் சேர 2021 ஜூலை முதல் பிஎச்.டி. கட்டாயம் என்று 2018 விதியில் இருந்தது உண்மை. அது 2023 வரை தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஜூலையில் அந்தக் கட்டாயமே நீக்கப்பட்டது. இப்போது நெட், செட்தான் குறைந்தபட்சத் தகுதி. ஆனால் ஓர் இடத்துக்கு வரும் நூறு விண்ணப்பத்தில் எண்பது பேரிடம் பிஎச்.டி. இருந்தால், விதி என்ன சொன்னாலும் நேர்காணலில் அது எடுபடத்தான் செய்யும்.

பி.எட். பண்ணணுமா?

கல்லூரிக்கு வேண்டாம். மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராகப் போகத்தான் எம்.எஸ்சி.யோடு பி.எட். வேண்டும். அரசுப் பள்ளியில் அந்தப் பதவியின் அடிப்படை ஊதியம் 36,900 ரூபாயில் தொடங்குகிறது. பிளஸ் டூ வேதியியலை நன்றாக நடத்துவது பி.எஸ்சி. நடத்துவதைவிடச் சுலபமான வேலை இல்லை. இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொள்ள விரும்பினால் பி.எட். நல்ல முதலீடு.

நெட்டா, செட்டா? எது ஈஸி சார்?

வேதியியலுக்கு உரியது, அறிவியல் பாடங்களுக்கென்று உள்ள சிஎஸ்ஐஆர் – யுஜிசி நெட். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண், மூன்று பகுதிகள். முதல் பகுதி பொது அறிவுத்திறன், 30 மதிப்பெண். இரண்டாவது பாடம், 70. மூன்றாவதுதான் உண்மையான தேர்வு: அறுபது கேள்வியில் இருபத்தைந்துக்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். தப்பான விடைக்குக் கால் பங்கு போய்விடும். எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் தேறுகிறார்கள். கரிம வேதியியலில் பயம் உள்ளவர் அதை முழுக்க விட்டுவிட்டு வர முடியாது; ஆனால் இயற்பிய வேதியியல் கணக்குகளிலும் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியிலும் கை பழகினால் நிறைய ஈடுகட்டலாம்.

செட்டில் இரண்டு தாள். முதல் தாளில் கற்பித்தல், ஆராய்ச்சித் திறன் பற்றி ஐம்பது கேள்விகள். இரண்டாவதில் பாடத்தில் நூறு. தப்புக்குக் கழிவு இல்லை. பலருக்கு இது எளிதாகத் தெரிகிறது. ஆனால் தமிழ்நாட்டில் எழுதிய செட் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு மட்டும்தான் செல்லும், அதுவும் ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை. நெட் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் தேர்வு, நாடு முழுக்கச் செல்லும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதினால் வயது வரம்பும் கிடையாது. என்னைக் கேட்டால், எம்.எஸ்சி. முதலாண்டு முடிந்ததுமே நெட்டுக்குப் படிக்கத் தொடங்குங்கள். செட் வரும்போது அதையும் எழுதுங்கள்.

எம்.ஃபில். முடிச்சிருக்கேன். வீணாப் போச்சா?

யுஜிசி 2022இல் எம்.ஃபில். படிப்பை நிறுத்தியது. அதற்கு முன் முறையாகச் சேர்ந்து பெற்ற பட்டம் செல்லும். ஆனால் இன்று அது நெட்டுக்கு மாற்று இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு முதல் பதவி உயர்வில் ஓராண்டு மிச்சமாகும், அவ்வளவுதான். இப்போது யாராவது 'எம்.ஃபில். அட்மிஷன்' என்று விளம்பரம் செய்தால் பக்கத்திலேயே போக வேண்டாம்.

எனக்கு டீச்சிங் மட்டும்தான் பிடிக்கும். பிஎச்.டி. பண்ணலாமா வேண்டாமா?

ஜே.ஆர்.எஃப்., அதாவது நெட் வழியாக வரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை, கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், பண்ணுங்கள். 2023 ஜனவரி முதல் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்தி வாங்குவதைவிட இது அதிகம். உதவித்தொகை எதுவும் இல்லாமல், பகலில் வேலை, மாலையில் ஆய்வு என்று பகுதிநேரமாகச் செய்வதுதான் கடினம். வேதியியலில் அது நூலகத்தில் உட்கார்ந்து முடிக்கும் காரியம் இல்லை. வினைக்கு வைத்த குடுவையைப் பாதியில் நிறுத்திவிட்டு பஸ் பிடிக்க ஓட முடியாது. கரைப்பான், சிலிக்கா ஜெல், மூலக்கூறு அமைப்பைப் பார்க்கும் என்.எம்.ஆர். சோதனைக்கு வெளியூருக்கு அனுப்பும் மாதிரிகள் என்று கைக்காசும் கரையும்.

கற்பித்தலில்தான் விருப்பம் என்றால் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நாளைக்கு நீங்கள் வேலை பார்க்கப்போகும் கல்லூரியில் அந்த ஆய்வைத் தொடர முடியுமா? பெரும்பாலான இளங்கலைக் கல்லூரிகளில் ஒரு யூவி–விசிபிள் கருவி, கண்டக்டிவிட்டி மீட்டர், பொட்டென்ஷியோமீட்டர், நல்ல வேளை இருந்தால் ஒரு ரோட்டரி எவாப்பரேட்டர். வினைவேகவியல், அரிமானத் தடுப்பு, சாயங்களை நீரிலிருந்து பிரிப்பது போன்றவை இந்த வசதிக்குள் ஓடும். வழிகாட்டியின் லேபில் மட்டும் இருக்கும் பெரிய கருவியை நம்பிய தலைப்பு, பட்டம் வாங்கிய அன்றே முடிந்துவிடும்.

வேதியியலைக் கற்பிப்பது பற்றியே ஆய்வு செய்ய வேண்டும் என்றால் மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் அறிவியல் கல்வியில் பிஎச்.டி. உண்டு. நல்ல இடம். ஆனால் அந்தப் பட்டம் 'வேதியியல்' பட்டமாகக் கணக்கில் வருமா என்று கல்லூரிகளில் கேள்வி எழும். அதனால் கையில் வேதியியல் நெட்டும் இருக்கட்டும்.

சம்பளம் உண்மையில எவ்வளவு? இண்டர்நெட்ல பார்த்தா ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

எல்லாரும் சொல்வது சரிதான், வேறு வேறு வேலையைச் சொல்கிறார்கள். அரசுக் கல்லூரியிலும், அரசு உதவி பெறும் கல்லூரியின் எய்டட் இடத்திலும் (அரசே சம்பளம் கொடுக்கும் இடம்) உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அதன் மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. இணைப் பேராசிரியர் ஆனால் அடிப்படை 1,31,400 ரூபாயிலிருந்து.

அதே எய்டட் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில், அதே வளாகத்தில், அதே பாடத்தை நடத்துபவருக்கு நிர்வாகம் கொடுப்பதுதான் சம்பளம். பல இடங்களில் அது இருபதாயிரத்தைத் தாண்டுவதில்லை. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். வருகைதரு ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019இலேயே சொல்லிவிட்டது. கௌரவ விரிவுரையாளர்களின் போராட்டங்களில் அந்த ஐம்பதாயிரம் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

டிஆர்பி எப்போ வரும்?

டிஆர்பி என்பது அரசுக் கல்லூரிகளுக்கு ஆள் எடுக்கும் ஆசிரியர் தேர்வு வாரியம். அதன் அறிவிப்புக்குத் தேதி சொல்பவர்களை நம்பாதீர்கள். 2019இல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, நிறைவேறவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. முன்பு பணி அனுபவத்துக்கும் பட்டங்களுக்கும் மதிப்பெண் போட்டு எடுத்தார்கள். 2024 அறிவிப்பு எழுத்துத் தேர்வுக்கு மாறியது. கோச்சிங் சென்டரில் சேரும் முன், கடைசியாக வந்த அறிவிப்பை முழுசாக, கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

'டிஆர்பி வரட்டும், அதுவரை சும்மா இருக்கேன்' என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவதுதான் ஆபத்து. பாடத்தோடு தொடர்பு விட்டுப்போன மூன்று வருடத்தை மறுபடி பிடிப்பது கஷ்டம். எங்கேயாவது நடத்திக்கொண்டே இருங்கள், அல்லது ஆய்வில் இருங்கள்.

எய்டட் காலேஜ்ல வேலைக்குப் பணம் கேக்கறாங்களாமே, நிஜமா?

கேட்கும் இடங்கள் உண்டு, கேட்காத இடங்களும் உண்டு. இங்கே பெயர் சொல்லப்போவதில்லை. எய்டட் இடத்தில் நியமிப்பது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு. இந்த இடைவெளியில்தான் பேரம் நுழைகிறது. என் கருத்து ஒன்றுதான்: கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். பணி நியமனத்துக்குக் கல்லூரிக் கல்வித் துறையின் ஒப்புதல் கிடைக்காமல் இழுத்தால், கொடுத்ததற்கு ரசீதும் இருக்காது, சம்பளமும் வராது. அந்தப் பணியிடம் அனுமதிக்கப்பட்ட காலியிடம்தானா, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி எங்கே நிற்கிறது (அடுத்த இடம் எந்தப் பிரிவுக்கு) என்று விண்ணப்பிக்கும் முன்பே விசாரியுங்கள். நேர்மையாக எடுக்கும் நிர்வாகம் இதைக் கேட்டால் கோபப்படாது.

நான் இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி படிச்சேன். இது கெமிஸ்ட்ரியா எடுத்துக்குவாங்களா?

இது சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் வயிற்றைக் கலக்கும். அப்ளைடு கெமிஸ்ட்ரி, இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி, அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி என்று பட்டத்தில் வேறு பெயர் இருந்தால், அது எம்.எஸ்சி. வேதியியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் இணைத்தன்மையைப் பரிசீலிக்கிறது. அதன் அடிப்படையில் உயர்கல்வித் துறை அரசாணை வெளியிடுகிறது. உங்கள் பல்கலைக்கழகம், உங்கள் பட்டத்தின் பெயர் இரண்டும் எழுத்து மாறாமல் அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பாடத்திட்ட நகலோடு இப்போதே விண்ணப்பியுங்கள். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

வாரத்துக்குப் பதினாறு மணி நேரம்தானே வேலை? ஜாலிதானே?

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, இணைப் பேராசிரியருக்கு 14 என்பது யுஜிசி கணக்கு. மொத்த வேலை நேரம் வாரம் 40 மணிக்குக் குறையக் கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அதை யாரும் கல்யாண வீட்டில் சொல்வதில்லை.

வேதியியலில் கணக்கில் வராத நேரம் மற்ற துறைகளைவிட அதிகம். பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் லேபுக்கு வந்து பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டில்களில் லேபிள் உரிந்திருக்கும். மாணவர் ஒவ்வொருவருக்கும் உப்புப் பொட்டலம் மடித்து எண் போட வேண்டும். எந்த எண்ணில் எந்த உப்பு என்ற தாள் தொலைந்தால் கதை முடிந்தது. சோடியம் தயோசல்பேட்டை மறுபடி செறிவு பார்க்க வேண்டும், ஏனென்றால் வைத்திருந்தால் மாறிவிடும். உடைந்த ப்யூரெட்டுக்கு பிரேக்கேஜ் ரெஜிஸ்டரில் கணக்கு எழுத வேண்டும். காலையில் எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) வந்து இறங்கும்போது டிஸ்டில்டு வாட்டர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். நல்ல லேப் அட்டெண்டர் கிடைத்த ஆசிரியர் கொடுத்து வைத்தவர். பல அரசுக் கல்லூரிகளில் அந்த இடமே காலி.

இதற்கு மேல் கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்புக்கான கோப்புகள், அட்மிஷன் வேலை, விடைத்தாள் முகாம். இதில் நாக் பற்றி எழுதத் தொடங்கினால் தனிப் பக்கம் வேண்டும், விட்டுவிடுகிறேன்.

லேப்ல எல்லாப் பசங்களும் ஒரே டைட்டர் வேல்யூ எழுதறாங்க. என்ன செய்யறது?

புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கேட்பது இது. டைட்டர் வேல்யூ என்பது தரம்பார்க்கும் சோதனையில் ப்யூரெட்டிலிருந்து செலவான கரைசலின் அளவு. பசங்களைத் திட்டுவதற்கு முன் மதிப்பெண் எதற்குக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். விடை ஒரு சதவீதப் பிழைக்குள் வந்தால் முழு மதிப்பெண் என்று வைத்தால், முதலில் முடித்த பையனின் 19.8 பத்து நிமிடத்தில் லேப் முழுக்கப் பரவிவிடும். பாதிப் பேர் ப்யூரெட் மூக்கில் நிற்கும் காற்றுக் குமிழியைக்கூட வெளியேற்றியிருக்க மாட்டார்கள்.

எளிய வழி, கொடுக்கும் கரைசலை நான்கு செறிவில் தயாரித்து ரெஜிஸ்டர் எண்ணை வைத்துப் பிரித்துக் கொடுப்பது. இன்னொன்று, பார்த்தால் மட்டும் எழுத முடிகிற ஒன்றை அப்சர்வேஷன் நோட்டில் கேட்பது. ஆக்சாலிக் அமிலத்தை பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும் சோதனை இதற்கு அருமையாக ஒத்துவரும். நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கி, முதல் சொட்டை விட்டால் இளஞ்சிவப்பு நிறம் போகாமல் நிற்கும். பையன் 'முடிஞ்சிருச்சு சார்' என்பான். ஆட்டிக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு நகருங்கள். நிறம் மெதுவாக மறையும். அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்த உடனேயே மறையத் தொடங்கும். வினையில் உண்டான மாங்கனீசு அயனியே வினையை முடுக்குகிறது. அமிலம் போதவில்லை என்றாலோ அவசரமாகத் திறந்துவிட்டாலோ குடுவையில் பழுப்புக் கலங்கல் வரும். 'முதல் சொட்டு என்ன செய்தது, ஐந்தாவது சொட்டு என்ன செய்தது' என்ற இரண்டு வரிக்கு ஐந்து மதிப்பெண் வையுங்கள். பக்கத்துப் பையனின் எண்ணைப் பார்த்து எழுதுபவனுக்கு அது வராது.

பெர்மாங்கனேட் கரைசல் அடர் நிறமாக இருப்பதால் இதில் மட்டும் ப்யூரெட்டில் திரவப் பரப்பின் மேல் வளைவைப் படிக்க வேண்டும் என்பதை வாரா வாரம் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுங்கள்.

வகுப்புல புரிஞ்ச மாதிரி தலையாட்டறாங்க. பரீட்சையில ஒண்ணும் இல்லை. ஏன்?

முதலாண்டு முதல் வாரத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கொதிக்கிற தண்ணீரில் வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது? காற்று என்று சிலர் சொல்வார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். நீராவி என்பவர் எப்போதும் சிலர்தான். இவர்கள் எல்லாரும் பிளஸ் டூ வேதியியலில் தேறியவர்கள். அதேபோல உப்பு கரைவதைப் படம் வரையச் சொன்னால் சோடியமும் குளோரினும் ஜோடி ஜோடியாக மிதக்கும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991இல் இதை ஒரு முக்கோணமாக விளக்கினார். கண்ணால் காண்பது ஒரு மூலை, மூலக்கூறு அளவில் நடப்பது இன்னொரு மூலை, குறியீடும் சமன்பாடும் மூன்றாவது. ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் மூன்று மூலைக்கும் போய் வந்துவிடுகிறார். புதிதாகப் படிப்பவருக்குத் தலை சுற்றுகிறது. கரும்பலகையில் சமன்பாடு எழுதும் வேகத்தைக் குறைத்து, ஒரு மூலையில் நின்று பேசிவிட்டு, அடுத்ததற்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மூலக்கூறு அளவில் நடப்பதன் படத்தை மாணவர்களையே வரையச் சொல்லுங்கள். முந்தைய பதிலில் சொன்ன முதல் சொட்டுக் கேள்வியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ்ல கிளாஸ் எடுக்க முடியுமான்னு பயமா இருக்கு.

அரசுக் கல்லூரிகள் பலவற்றில் பி.எஸ்சி. தமிழ் வழியிலும் நடக்கிறது. ஆங்கில வழி வகுப்பிலும் ஆசிரியர் பேசுவது இரண்டும் கலந்துதான். மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் 'இணைதிறன்' என்று படித்துவிட்டு வந்து, இங்கே 'வேலன்சி' என்று கேட்டு முழிப்பவர்கள். இரண்டு சொல்லையும் தெரிந்தவர் அவர்களுக்கு வரம். ஆங்கிலத்தில் நீங்கள் பழக வேண்டியது விடைத்தாளுக்கும் நேர்காணலுக்கும் வேண்டிய அளவு. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடும் உண்டு. அதற்கான சான்றிதழ்களைப் பள்ளியிலிருந்தே வாங்கி வையுங்கள்.

ஆராய்ச்சி எதுவும் பண்ணாம, நல்லாப் பாடம் மட்டும் நடத்தி ரிட்டயர் ஆக முடியுமா?

முடியும், ஆனால் ஒரு படியில் நின்றுவிடுவீர்கள். பிஎச்.டி. இல்லாதவருக்கு முதல் உயர்வு ஆறு ஆண்டில் (பட்டம் இருந்தால் நான்கு, எம்.ஃபில். என்றால் ஐந்து), அடுத்தது மேலும் ஐந்து ஆண்டில். இடையில் புத்தாக்கப் பயிற்சிகளை முடிக்க வேண்டும். இரண்டு உயர்வுக்குப் பிறகும் பதவி உதவிப் பேராசிரியர்தான். இணைப் பேராசிரியர் ஆக பிஎச்.டி. வேண்டும். சம்பளக் கேள்வியில் சொன்ன பெரிய தாவல் அங்கேதான் இருக்கிறது.

பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் கற்பித்தலுக்கென்றே தனிப் படிநிலை வைத்திருக்கின்றன. அதன் வழியாகவே பேராசிரியர் வரை போகலாம். இங்கே அப்படி ஏற்பாடு இல்லை. எடுக்க வேண்டிய வகுப்பில் எண்பது சதவீதம் எடுத்தால் 'நன்று' என்று மதிப்பீட்டுப் படிவத்தில் விழும். அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

பேப்பர் போடணும்கறாங்க. பணம் கட்டினா ஒரு வாரத்துல போட்டுத் தர்றாங்களே?

ஒரு வாரத்தில் ஆய்வுக் கட்டுரைக்கு எந்த மதிப்பாய்வும் நடக்காது. தரமான ஆய்விதழ்களைக் காட்ட யுஜிசி 2019இல் தொடங்கிய கேர் பட்டியல் 2025இல் நிறுத்தப்பட்டது. இதழ் நல்லதா என்று பார்ப்பது இப்போது கல்லூரியின் பொறுப்பு, அதாவது உங்கள் பொறுப்பு. அந்த இதழில் வந்த இரண்டு கட்டுரையைப் படித்தாலே தெரிந்துவிடும்.

கற்பித்தல் சார்ந்து எழுத நல்ல இடங்கள் இருக்கின்றன. அமெரிக்க வேதியியல் கழகம் 1924 முதல் வேதியியல் கல்விக்கென்றே ஓர் இதழ் நடத்துகிறது. இந்திய அறிவியல் அகாடமியின் 'ரெசனன்ஸ்' இதழ் இளங்கலை ஆசிரியர்களின் கட்டுரைகளை வெளியிடுகிறது. உங்கள் லேபில் செலவைக் குறைத்து மாற்றியமைத்த ஒரு சோதனை இருந்தால் அதை எழுதுங்கள்.

கர்ப்பமா இருக்கேன். ஆர்கானிக் லேப் போட்டிருக்காங்க. எடுக்கலாமா?

துறைத் தலைவரிடம் எவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சொல்லுங்கள். மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், முதல் மாதங்களில்தான் கவனம் அதிகம் தேவை. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஈயம், பாதரசச் சேர்மங்கள் இருக்கும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். புகைக்கூண்டு வேலை செய்யாத லேபில் எந்தக் கரைப்பானும் நல்லதில்லை. தியரி வகுப்போ, இயற்பிய வேதியியல் லேபில் கருவி சார்ந்த சோதனைகளோ மாற்றிக் கேளுங்கள். என்னென்ன வேதிப்பொருள் புழங்குகிறது என்று பட்டியல் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். 'கெமிஸ்ட்ரி லேப்' என்று மட்டும் சொன்னால் அவருக்குப் புரியாது.

தமிழ்நாடு அரசுப் பணியில் மகப்பேறு விடுப்பு 2021 முதல் 12 மாதம். தனியார் நிறுவனங்களுக்கான மத்தியச் சட்டத்தில் 26 வாரம். சுயநிதிக் கல்லூரியில் 'அப்படியெல்லாம் இங்கே இல்லை' என்றால், இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

என்ஜினீயரிங் காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கறது எப்படி?

முதலாண்டுக்கு ஒரு பாடம், ஒரு லேப். நீர் கடினத்தன்மை, அரிமானம், பேட்டரி, பாலிமர் என்று வருடா வருடம் அதேதான். சம்பளம் சில இடங்களில் கலைக் கல்லூரியின் சுயநிதிப் பிரிவைவிடப் பரவாயில்லை. கரிம வினைவழிமுறை நடத்த ஆசைப்படுபவருக்கு அங்கே மூச்சு முட்டும்.

பிரைவேட்ல ஆறு வருஷம் ஆச்சு. இந்த அனுபவம் பின்னாடி கணக்குல வருமா? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் வாங்கி வச்சிருக்காங்க.

இரண்டு விஷயம் இதில் இருக்கிறது. நெட், செட், பிஎச்.டி. ஆகியவற்றில் ஒன்றைப் பெறுவதற்கு முன் வேலை பார்த்த ஆண்டுகளைத் தகுதியுள்ள அனுபவமாக எடுத்துக்கொள்வது அரிது. தற்காலிகப் பணியை முந்தைய பணிக்காலமாகச் சேர்க்க, நிரந்தர ஆசிரியருக்கு நிகரான மொத்த ஊதியம் வாங்கியிருக்க வேண்டும் என்கிறது யுஜிசி விதி. இருபதாயிரம் வாங்கியவருக்கு அது எட்டாது. ஆனாலும் நியமன ஆணை, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, பி.எஃப். விவரம், மண்டல இணை இயக்குநர் மேலொப்பமிட்ட அனுபவச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வேலையை விடும்போதே வாங்கிவிட வேண்டும். முதல்வர் மாறிய பிறகு போனால் அலைய வேண்டிவரும்.

அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பது தவறு. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். சேரும்போதே நகல் மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டால், டிஆர்பி சரிபார்ப்பு, பாஸ்போர்ட் என்று குறிப்பிட்ட காரணத்தோடு பதிவுத் தபாலில் கேளுங்கள், ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்கும் நகல் போகிறது என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

வயசு முப்பத்தஞ்சு. இன்னும் நிரந்தரம் ஆகலை. விட்டுடலாமா?

கையில் நெட், செட், பிஎச்.டி. எதுவும் இல்லை என்றால், இன்னும் இரண்டு நெட் சுழற்சிக்கு முழு மூச்சாகப் படித்துப் பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள். தகுதி இருந்தும் இடம் இல்லை என்றால் கணக்கு வேறு. மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு லேபில் இந்த வயதில் புதிதாகச் சேர்வது கடினம். ஹெச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) கையில் பழகியவர்களுக்குச் சற்று வழி உண்டு. நீட், ஜேஇஇ பயிற்சி மையங்கள் வேதியியலுக்கு நன்றாகக் கொடுக்கின்றன, ஆனால் அங்கே லேப் கிடையாது, இயற்பிய வேதியியலைக் குறுக்குவழியில் நடத்தச் சொல்வார்கள். சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு பி.எட். வேண்டும், மேலே அந்தக் கேள்வியில் சொன்ன முதலீடு இங்கேதான் கைகொடுக்கும். வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கிறதா, சொந்த ஊரை விட்டு நகர முடியுமா என்பதையும் வைத்துத்தான் இதற்கு விடை சொல்ல முடியும். அதனால் இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டு வாடகை எவ்வளவு என்றுதான்.